காட்டுல டென்ட் போட்டா கேஸ் ஆகுமா? அமெரிக்காவில் ஃப்ரீ, சிங்கப்பெருமாள் கோயிலில் குற்றம்... ஏன் இந்த வித்தியாசம்?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிகிறது. மகேந்திரா சிட்டி வாசலில் நாலு பைக் நிற்கிறது. ஆன்லைனில் வாங்கிய ஒரு டென்ட், ரெண்டு ஸ்லீப்பிங் பேக், மேகி பாக்கெட், குட்டி கேஸ் அடுப்பு எல்லாம் ரெடி. "எங்கடா போலாம்?" என்று ஒருத்தர் கேட்டால், இன்னொருத்தர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கை காட்டுகிறார். "இதோ பக்கத்துலயே காடு இருக்கு. கவர்மென்ட் காடுதானே, யாரு கேக்கப் போறா?"

இந்தக் காட்சியில் வருபவர்கள் கற்பனை. ஆனால் அந்தக் கேள்வி கற்பனை இல்லை. அமெரிக்கக் காடுகளில் காரை நிறுத்திவிட்டு, ஒரு பைசா கொடுக்காமல் டென்ட் போட்டுத் தங்கும் ரீல்ஸ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அங்க முடியுது, இங்க ஏன் முடியாது?" என்று கேட்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

நேரடியான பதில் இதுதான்: முடியாது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். டென்ட், சமையல், தங்கல் எல்லாம் அதற்குப் பிறகு வரும் விஷயங்கள்.

ஆனால் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு சின்னது இல்லை.

அமெரிக்காவில் எப்படி ஃப்ரீ?

அமெரிக்காவில் தேசிய வனங்கள் என்ற பெயரில் மத்திய அரசின் வனத்துறை நிர்வகிக்கும் நிலம் மட்டும் சுமார் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு தமிழ்நாடு அதற்குள் அடங்கும். அங்கே அடிப்படை விதி தலைகீழ். எந்த இடத்தில் தங்கக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்களோ, அங்கே மட்டும்தான் தங்கக்கூடாது. மற்ற பெரும்பாலான பகுதிகளில் நீங்களே இடம் பார்த்து டென்ட் போடலாம். கழிப்பறை இருக்காது, குடிநீர்க் குழாய் இருக்காது, குப்பைத் தொட்டியும் இருக்காது. அதனால்தான் கட்டணமும் இல்லை.

அதற்காக இஷ்டத்துக்கு இருக்க முடியாது. பெரும்பாலான வனங்களில் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. ஓடை, ஏரிக்கரையை ஒட்டி டென்ட் போடக்கூடாது. மலம் கழிக்க ஓடையிலிருந்து சுமார் 200 அடி தள்ளி, அரை அடிக்கு மேல் குழி தோண்டி மூட வேண்டும். காட்டுத்தீ சீசனில் நெருப்பு மூட்டத் தடை வந்துவிடும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியது அவரவர் பொறுப்பு.

ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அங்கேயும் லோக் லோமண்ட் ஏரிப் பகுதியில் கூட்டமும் குப்பையும் அதிகமானதால், 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பெர்மிட் வாங்கினால்தான் டென்ட் போட முடியும் என்று கரையோர இடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. பக்கத்தில் இருக்கும் இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் டென்ட் போட முடியாது. டார்ட்மூர் என்ற ஒரு பகுதி மட்டும் விதிவிலக்கு. அதையும் ஒரு நில உரிமையாளர் கோர்ட்டுக்கு இழுத்தார். 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அந்த உரிமை நிலைத்தது.

ஆக, வெளிநாடு என்றாலே எல்லா இடத்திலும் ஃப்ரீ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊர் காட்டுக்கு யார் ஓனர்?

இங்கேதான் 140 வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை வருகிறது.

நாடு முழுக்கக் காடுகளை அரசுச் சொத்தாக்க ஆங்கிலேய அரசு 1870-களில் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானது யார் தெரியுமா? சென்னை மாகாணத்தின் வருவாய் வாரியம். அதுவும் ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய வாரியம்தான். இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று ஒன்று இருப்பதே அரிது, மக்கள் விறகும் மேய்ச்சலும் அங்கேதான் பார்க்கிறார்கள், அரசு எப்படி அதைத் தனக்கென்று சொல்ல முடியும் என்பது வாரியத்தின் வாதம். அதனால் 1878-ல் வந்த இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு நாலு வருஷம்தான் தாங்கியது. 1882-ல் சென்னைக்கென்றே தனியாக வனச் சட்டம் வந்துவிட்டது.

அந்த 1882 சட்டம்தான் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று அதன் 21-வது பிரிவு பட்டியல் போடுகிறது. அத்துமீறி நுழைவது, மாடு மேய்ப்பது, மரம் வெட்டுவது, நெருப்பு மூட்டுவது. மூட்டுவது மட்டுமல்ல, வனத்துறை அனுமதித்த காலமும் முறையும் தவிர மற்ற நேரத்தில் நெருப்பைக் கொண்டுபோவதும் அதில் வருகிறது. பைக்கில் கட்டிய அந்தக் குட்டி கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மூடாத காடு எல்லாம் திறந்த காடு. நம்ம ஊரில் திறந்துவிடாத காடு எல்லாம் மூடிய காடு. ரெண்டுமே பொதுச் சொத்துதான். "அரசு நிலம் என்றால் நம்ம நிலம்தானே" என்ற லாஜிக் புறம்போக்கில் ஆடு மேய்க்கும்போது கொஞ்சம் செல்லுபடியாகலாம், காப்புக்காட்டில் ஆகாது.

இதில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. விறகு பொறுக்கியதற்காகவும், தேன் எடுத்ததற்காகவும் தலைமுறை தலைமுறையாகக் காட்டோரத்தில் வாழ்ந்தவர்களே இதே சட்டத்தின் கீழ் குற்றவாளி ஆக்கப்பட்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடியினருக்கும் பாரம்பரிய வனவாசிகளுக்கும் காட்டில் வாழும் உரிமையை அந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது. வீக் எண்டுக்கு வருபவர்களுக்கு அதில் எதுவும் இல்லை.

சரணாலயம் என்றால் இன்னும் கடுமை

காப்புக்காடு ஒரு நிலை. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள் இந்தக் கணக்கில் வருகின்றன. சரணாலயத்துக்குள் போக அனுமதி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம், நெருப்பு வைப்பதைத் தனியாகவே தடை செய்கிறது. 2022-ல் கொண்டுவந்த திருத்தத்தில் பொதுவான மீறல்களுக்கான அதிகபட்ச அபராதம் 25 ஆயிரம் ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. சிறையும் உண்டு, 3 வருஷம் வரை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் என்ன சிக்கல்?

பாடலாத்ரி நரசிம்மர் கோயில் இருக்கும் குன்றைச் சுற்றி கிரிவலம் போகிறவர்களுக்கும், செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இந்தப் பகுதியின் காடு தெரியும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான மரங்கள் இல்லை. முள், புதர், பாறை, நடுவில் காய்ந்த புல். "இது காடே இல்லப்பா, பொட்டல்" என்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. இது கிழக்குக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். மாசி, பங்குனியில் ஒரு தீக்குச்சி போதும்.

அடுத்தது அனுமந்தபுரம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கிழக்கே போனால் வரும் ஊர், அகோர வீரபத்திரர் கோயிலுக்குப் பேர் போனது. அங்கே காட்டை ஒட்டி பாதுகாப்புப் படையினரும் காவல்துறையினரும் பயிற்சி எடுக்கும் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. பயிற்சி நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சுற்றுவட்டார கிராமங்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். வெடிக்காத குண்டுகள் வெளியே கிடைத்த செய்திகளும் வந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து மேப் பார்த்து வருபவருக்கு அது வெறும் பச்சைத் திட்டாகத்தான் தெரியும்.

மூன்றாவது, பாம்பு. இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது இல்லை. இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்லும் நாலு விஷப் பாம்புகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலையும் பிடித்து விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இதே மாவட்டத்தில்தான், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இயங்குகிறது. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்த மாவட்டத்து இருளர்கள்தான்.

இதில் டென்ட் ஆசாமிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கட்டுவிரியனைப் பற்றி. அது இரவில்தான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. வயிற்று வலி, கண் இமை தானாகச் சரிவது, பேச்சுக் குழறுவது என்று அறிகுறி தெரியும்போது நேரம் போயிருக்கும். கடி என்று சந்தேகம் வந்தாலே 108-க்குப் போன் போட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. கட்டிப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமா. காட்டுக்குள் சிக்னலே இல்லை என்றால்? அந்தக் கேள்விக்காகத்தான் அனுமதியும், கூடவே வரும் வழிகாட்டியும் தேவைப்படுகிறார்கள்.

குரங்கணிக்குப் பிறகு மாறியது என்ன?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலை. கொழுக்குமலையில் முதல் நாள் இரவு தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த சென்னைக் குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் காட்டுத்தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று. ஓட இடமே இல்லை. பலர் அங்கேயே கருகினார்கள், மற்றவர்கள் தீக்காயத்தோடு மதுரையிலும் சென்னையிலும் நாள்கணக்கில் போராடி இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்கள். அதில் பெண்கள் நிறைய பேர். அவர்கள் போனது அனுமதி பெறாத பாதை என்று அரசுத் தரப்பு சொன்னது. அதே கூட்டத்தை அந்தப் பாதையில் யார் விட்டது, எச்சரிக்கை ஏன் போகவில்லை என்ற கேள்விகளும் எழுந்தன. வனத்துறை அலுவலர் ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், விசாரணை அதிகாரியாக அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

அந்த வருஷமே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தது. முன்அனுமதி கட்டாயம் ஆனது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், காட்டை ஒட்டிய கிராமத்து இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டியாக வருவார்கள். காலையில் ஏறி அன்றே இறங்கும் நடைதான் இது. ராத்திரி டென்ட் போடுவது இதில் கிடையாது. காட்டுத்தீ சீசன் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படும்.

டென்ட் என்றாலே ஆபத்து காட்டுக்குள் மட்டும்தான் என்றும் இல்லை. 2021 ஜனவரியில் கேரளாவின் வயநாடு மேப்பாடியில், காட்டை ஒட்டிய தனியார் ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த 26 வயது ஆசிரியை யானை தாக்கி இறந்தார். அந்த இடத்துக்குத் தேவையான உரிமம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

அப்போ வெள்ளியங்கிரியில் மட்டும் எப்படி?

இது நியாயமான கேள்வி. கோவை வெள்ளியங்கிரி மலைக்கு மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி சீசனில் ஆயிரக்கணக்கானோர் ராத்திரியில் ஏறுகிறார்கள், வழியிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். அதுவும் காடுதானே? ஆமாம், ஆனால் வனத்துறை ஒவ்வொரு வருஷமும் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறது, அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை நடக்கிறது. அப்படியும் மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் பக்தர்கள் இறக்கும் செய்தி சீசன்தோறும் வருகிறது. சதுரகிரியில் 2015-ல் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, இரவில் மலையில் தங்க விடுவதில்லை. கோயிலுக்கு என்று வந்தாலும் அனுமதி அனுமதிதான்.

பீச்சில் போட்டால்?

"காடு வேண்டாம், மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் போட்டுக்கறோம்" என்பது அடுத்த ஐடியா. அங்கே வனச் சட்டம் நேரடியாக வராது. ஆனால் கடற்கரைக் கோயிலைச் சுற்றிய பகுதி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மற்ற இடங்களில் ராத்திரி ரோந்து போலீஸ் எழுப்பி அனுப்புவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் வெளிச்சத்தை வைத்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும். டென்ட் லைட்டும் கேம்ப் ஃபயரும் அவற்றை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடும்.

சட்டப்படி டென்ட் போட என்ன வழி?

பட்டா நிலம்தான் சுலபமான வழி. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் தோப்போ தோட்டமோ வைத்திருக்கும் நண்பரின் சொந்தக்காரர் யாராவது கண்டிப்பாக இருப்பார். உரிமையாளர் சரி என்றால் டென்ட்டுக்குத் தடை இல்லை. பணம் வாங்கிக்கொண்டு கேம்ப் நடத்தும் இடம் என்றால், அவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

இடம் பட்டாவா, காப்புக்காடா என்று சந்தேகம் இருந்தால் கூகுள் மேப் போதாது. சர்வே எண் தெரிந்தால் அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். முடியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். காட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும் என்றால், டாப்ஸ்லிப், முதுமலை போன்ற இடங்களில் வனத்துறையே நடத்தும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. கட்டணம் உண்டு, முன்பதிவு உண்டு.

ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் பெரும்பாலும் நீலகிரி, கோவை, தேனி, நெல்லை என்று மேற்கே இருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் என்று பார்த்தால் திருவள்ளூரின் குடியம் குகைப் பாதையைச் சொல்லலாம். கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் ஒரு பெருநகரப் பகுதிக்கு இது எந்த மூலைக்கு? சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் புதர்க்காட்டில் பறவை பார்க்க, செடி கொடி தெரிந்துகொள்ள, இருளர் வழிகாட்டியோடு காலை ரெண்டு மணி நேரம் நடக்க ஒரு பாதை போட்டுக் கொடுத்தால், பைக்கில் கேஸ் அடுப்பு கட்டிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேராவது அந்தப் பக்கம் திரும்புவார்கள். 'அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்' என்ற போர்டு மட்டும் வைத்தால், போர்டு இல்லாத பக்கமாக ஏறுவார்கள். அங்கே என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது.

வனத்துறையினர் பிடித்தால் என்ன செய்வது?

ஓடக்கூடாது. இருட்டில் ஓடிப் பாறையில் விழுவதுதான் அபராதத்தைவிடப் பெரிய செலவு. அடையாள அட்டையைக் காட்டி, நெருப்பு இருந்தால் தண்ணீர் ஊற்றி முழுசாக அணைத்துவிட்டு, சொல்கிற வழியில் வெளியேற வேண்டும். அத்துமீறலுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மரம் வெட்டியது, தீ வைத்தது, விலங்கைத் தொந்தரவு செய்தது என்று சேர்ந்தால் வழக்குதான், வண்டியும் பறிமுதல் ஆகலாம். அதற்கான ஆதாரத்தை ரீல்ஸ் போட்டு நீங்களே கொடுத்திருப்பீர்கள்.